பூ விழுந்த விளக்குகள்

பொம்மை ரயில் என்று சொன்னால் அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மாடல் ரயில்னு சொல்லு" என்பார். என்ன பெயர் வைத்தால் என்ன, என் அக்காவின் உயிரைக் குடித்தது அதுதான். அந்தக் குட்டி இஞ்சின்களின் முகப்பில் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு இருக்கும். அதற்குக் கண்ணாடி செய்வது அவள் வேலை. அத்தான் மோட்டாரைப் பழுது பார்ப்பார், அக்கா பார்வை கொடுப்பாள். வாடிக்கைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கண் டாக்டர்.

கண்ணாடி என்பது பேச்சுக்குத்தான். இரண்டு புட்டிகளில் தேன் மாதிரி ரெசின் என்கிற பிசின் வரும். இரண்டையும் கலந்து, குமிழி எழாமல் மெதுவாகக் கிளறி, ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து விளக்குக் குழியில் விடுவாள். சொட்டு தானாகவே உப்பி நிற்கும். அது இறுகும் வரை மேலே தூசி விழக்கூடாது. விழுந்தால் உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது. அதனால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவடியில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு உட்காருவாள். மாடியில் அவர்களுக்கு இருந்ததே இரண்டு அறை. அதில் ஒன்று இப்படி மூடியே கிடந்தது. கீழ் வீட்டில் குடியிருந்த என் மூக்கு வரை அந்த ரெசின் வாடை எட்டும்.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு இமை வீங்கியது. "கண் டாக்டருக்கே கண்ணு போச்சுடா" என்று சிரித்தாள். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உடைத்தே சொன்னார்: "உங்க உடம்புக்கு இந்த ரெசின் ஒத்துக்கலம்மா. இனிமே கிட்டயே போகாதீங்க. மறுபடி மூச்சு முட்டிச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." அக்கா தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை. கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா?

இருந்தாலும் கொஞ்ச காலம் அடங்கித்தான் இருந்தாள். அத்தான் அவளுக்குப் பதிலாக ரெசினைக் கையில் எடுத்தார். அவர் கை உலக்கை பிடிக்க லாயக்கானது. சொட்டுக்கு ஒரு குமிழி.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் ஒருவர் பெட்டி நிறைய இஞ்சின்களைக் கொண்டுவந்தார். அவர் பழைய வாடிக்கை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆசாமி. அவர் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால்தான் மற்றவர்கள் மாடி ஏறி வருவார்கள். "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். தெளிவான பிளாஸ்டிக் குச்சியின் நுனியைச் சுடரில் காட்டினால் அது உருகி உருண்டு நிற்கும். அதை நறுக்கி, சட்டென்று ஒட்டும் பசையால் குழியில் ஒட்டினார். ரெசினே வேண்டாம். பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தது. "இனிமே நீ அந்தப் பக்கமே போக வேணாம்" என்று அவளிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு இத்தனை வருஷப் பழக்கத்தில், தூசி படக்கூடாதென்று எல்லா இஞ்சினையும் பெட்டிக்குள் வைத்து இறுக மூடினார்.

ரெசினை மூட வேண்டும். இந்தப் பசையைத் திறந்து வைக்க வேண்டும். அதன் ஆவி வெளியே போக வழியில்லாமல் போனால் பிளாஸ்டிக் மேலேயே படிந்துவிடும். மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் எல்லா விளக்கும் வெள்ளை பூத்துக் கிடந்தன.

"பூ விழுந்த கண்ணு மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. அத்தானை ஒரு சொல் திட்டவில்லை. "தோண்டி எடுத்துட்டுத் தொடைக்கணும். கடைவீதிக்குப் போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கிட்டு வாங்க" என்றாள். வெள்ளந்தி மனிதர், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவடியில் ஈரத்துணி.

நான் பஸ்ஸில் கண்டக்டர். டியூட்டி முடிந்து வந்தவன் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டு ஏறிப் போனேன். அத்தான் கதவில் வாயை வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். தட்டவில்லை. தட்டினால் மேஜை அதிர்ந்து சொட்டு கலைந்துவிடுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே தூக்கி எறிந்திருப்பேன்.

"இன்னும்... கொஞ்ச நேரந்தான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இழுப்பு. "தொறந்தா... எல்லாம் வீணாப் போயிடும்."

ஓர் உதை விட்டேன். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்து, "கதவைச் சாத்துடா... தூசி" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் என் மடியிலேயே போய்விட்டாள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. அவள் அன்று முதலில் முடித்து வைத்திருந்த இஞ்சினை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "அப்பழுக்கில்ல. எங்க நம்ம கண் டாக்டர்?" என்று கேட்டார். அத்தான் நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, எனக்கென்ன அவசரம்? நான் இன்னும் தண்டவாளமே போடலையே. ரயில் விடப்போற ரூமுக்கு வெள்ளையடிக்கணும், ஆள் கிடைக்கல. ஞாயித்துக்கிழமைன்னு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்."

"கேட்டிருந்தா பொறுத்திருப்பீங்களா?" என்றார் அத்தான்.

"இதுல என்னங்க இருக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

அக்காவைக் கொண்டுபோன அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அத்தான், அப்போதுதான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.