பெஃபானா வேடத்தில் மலையிறங்கிய குளிர்காலம்

வேலை வற்றிப்போன அந்த வருடம் நாங்கள் பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே ஒரு சிறிய வீட்டில் இருந்தோம். நான், என் கணவர், பதினொரு வயது மகள். கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்து உணவகமொன்றில் பல வருடங்களாகச் சமையல் செய்தவர். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர் சற்று நேரத்திலேயே திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"பூட்டிப் போட்டாங்கள்," என்றார்.

நான் நகரின் கால்சாப் பகுதியில் இரண்டு வீடுகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டார் வடக்கே மகனிடம் போய்விட்டார்கள். மற்ற வீட்டு அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், இனித் தானே கூட்டிக்கொள்வதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்து, தேற்றிவிட்டு வர வேண்டியிருந்தது.

அதே சிஞ்ஞோராதான் பிறகு தொலைபேசியில் அழைத்தார். மதோனியே மலையில் அவருடைய உறவுக்காரி ஒருவர் சிறிய விடுதி நடத்துகிறாராம். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு ஆட்கள் வருகிற ஊர். சமைக்க ஒருவர், அறைகளைப் பார்க்க ஒருவர் தேவை. தங்க இடமும் உண்டு.

"சிசிலியிலை ஸ்னோவோ?" என்று கணவர் கேட்டார். எனக்கும் அது புதுச் செய்திதான். எங்களுக்குத் தெரிந்த சிசிலி வெயிலும் கடலும்தான்.

"போய்ப் பாப்பம். இஞ்சை இருந்து என்ன செய்யப் போறம்?" என்றேன்.

பேருந்து வளைந்து வளைந்து மலையேறியது. தோழிகளை விட்டுவந்த கோபத்தில் மகள் கண்ணாடியில் நெற்றியை அழுத்தியபடியே வந்தாள். ஊர்ச் சதுக்கத்தில் ரப்பர்ச் சப்பாத்தோடு நெட்டையான ஒரு பெண் காத்து நின்றார். விடுதிக்காரி அவர்தான். அறுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் பனிச்சறுக்குப் பழக்கியவராம். எங்கள் பைகளில் மிகப் பாரமானதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே உள்ளதை உள்ளபடி சொன்னார். ஊர் நொடித்துப் போயிருக்கிறது. இளம் ஆட்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். படுக்கையும் சாப்பாடும் நிச்சயம். மற்றதெல்லாம், சம்பளம்கூட, பனி விழுவதைப் பொறுத்தது.

பனி டிசம்பர் தொடக்கத்தில் விழுந்தது. காலையில் குப்பை வாளியோடு சமையலறைப் பின்கதவைத் திறந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் மகளும் ஓடிப்போய்ப் பார்த்தோம். முற்றம், கூரை, கூட்டிவிட்டு வெளியே விட்டிருந்த தும்புத்தடி எல்லாம் வெள்ளை. அவர் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சீனி போடேல்லை," என்றார்.

அங்கே வந்தபிறகு மகள் முதன்முதலில் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் வாரத்தில் ஒரு பிற்பகல் பிள்ளைகளைச் சறுக்குக்கு அழைத்துப் போனார்கள். அவள் விரைவிலேயே பிடித்துக்கொண்டாள். பிறகு என்னையும் இழுத்தாள். விடுதிக்காரி தன் பழைய பலகைகளையும் சப்பாத்துகளையும் தந்தார். எனக்கென்றே செய்ததுபோல அளவாக இருந்தன.

"அம்மா, ரெண்டு காலையும் பீட்சாத் துண்டு மாதிரி வையுங்கோ. முன்னுக்குக் கூரா, பின்னுக்கு அகலமா. அப்பத்தான் நிக்கும்."

நான் வைத்தேன், விழுந்தேன். எழும்பினேன், விழுந்தேன். ஒருமுறை மல்லாக்க விழுந்து கிடந்தபோது, மேலே நீலம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிறர் வீட்டு நிலத்தில் முழங்காலூன்றித் துடைத்தே வருடங்கள் போயிருந்தன. கடைசியாக நான் எப்போது விளையாடினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஆனால் சிரிப்பு வந்தது.

ஜனவரி ஆறாம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, இத்தாலியில் பெஃபானா என்கிற கிழவி, கிழிசல் பாவாடையும் விளக்குமாறுமாக வந்து பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பாள். அந்த ஊரில் அவள் வருவது பனிச்சரிவில் சறுக்கி. வழமையாக வேடம் போடுகிற ரொட்டி சுடுகிற பாண் கடைக்காரரின் மகள் வேலை தேடி ஜெர்மனிக்குப் போயிருந்தாள். விடுதிக்காரியின் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. அவர் என்னைப் பார்த்தார்.

"நீ இறங்கு."

"எனக்கு ஒழுங்காக நிற்கவே வராது, சிஞ்ஞோரா."

"பெஃபானா கிழவிதானே. அழகாக இறங்கினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்."

நான் சம்மதித்ததைக் கேட்டுக் கணவர் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தினார். "உமக்கு விசரே?"

"ஓம், கொஞ்சம்."

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. "மம்மா மியா! என்ரை கிளாஸ் முழுக்க வரும், அம்மா. எல்லாரும் பாப்பினம்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் ஊசிப்பெட்டியோடு வெளியே வந்தாள். "பாவாடை நீளம். மடிச்சுத் தைக்காட்டிக் காலிலை சிக்கும்," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தைத்தாள்.

திருநாளன்று நல்ல வெயில். சரிவின் உச்சியில் குளிர்ச்சட்டைக்கு மேல் பாவாடை, தலையில் துண்டு, தோளில் இனிப்புச் சாக்கு, கையில் விளக்குமாறோடு நின்றேன். கீழே ஊரே கூடியிருந்தது. நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு காலை அசைத்தேன்.

பாதிவரை பீட்சாத் துண்டு என்னைக் காப்பாற்றியது. பிறகு காற்று பாவாடைக்குள் புகுந்து அதைக் குடையாக விரித்தது. கால்கள் நேராகிவிட்டன. வேகம் பிடித்தது. சாக்கின் வாய் அவிழ்ந்து இனிப்புகள் என் பின்னால் பறந்தன. சனமோ நேரே முன்னால். எனக்குத் தெரிந்த இத்தாலியன் அவ்வளவும் மறந்து போயிற்று.

"விலகுங்கோ! விலகுங்கோ!" என்று கத்தினேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை; ஆனால் எல்லோரும் விலகினார்கள். ஓரத்தில் குவித்திருந்த பனிக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தேன். கிடந்தபடியே விளக்குமாற்றை உயர்த்திக் காட்டினேன். கைதட்டல் எழும்பியது. பிள்ளைகள் பனிக்குள் இனிப்புப் பொறுக்கிக்கொண்டு, நான் ஏதோ மந்திரம் சொன்னதாக நினைத்து, "விலாகுங்கோ, விலாகுங்கோ" என்று குதித்தார்கள்.

என்னிடம் முதலில் ஓடி வந்தது மகள். "கால் சரியோ? அசைச்சுப் பாருங்கோ."

அசைத்துக் காட்டினேன். அவள் என் முகத்திலிருந்த பனியைத் துடைத்தாள். பிறகு தன் வகுப்புப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, சிசிலிக்காரரின் இழுவையோடு, "இது என்னுடைய அம்மா" என்று இத்தாலியனில் அறிவித்தாள்.

அந்தப் பருவம் முழுவதும் ஊர்ப்பிள்ளைகள் சரிவில் இறங்கும்போது "விலாகுங்கோ" என்று கத்தியபடிதான் இறங்கினார்கள். மருந்துக்கடையிலும் கோவிலிலும் என்னை "பெஃபானா" என்று கூப்பிட்டார்கள். பனியும் ஏமாற்றவில்லை; சனி, ஞாயிறுகளில் விடுதி நிறைந்தது.

வசந்தத்தில் கணவரின் பழைய முதலாளி அழைத்தார். உணவகத்தைத் திரும்பத் திறக்கிறாராம். நான் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குக் கணவர் வந்து, விசயத்தைச் சொல்லி, விரிப்பின் மற்றத் தலைப்பைப் பிடித்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். யோசிக்கிறதுக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"இல்லை," என்றேன்.

அடுத்த குளிர்காலத்தில் எங்கள் பழைய பங்குக் கோவிலைச் சேர்ந்த தமிழ் ஆட்கள் வாடகைப் பேருந்தில் பலெர்மோவிலிருந்து விடுதிக்கு எங்களைப் பார்க்க வந்தார்கள். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் பனியை அள்ளி எறிந்தார்கள். கணவர் இறைச்சிக்கறியும் இடியப்பமும் செய்தார். விடுதிக்காரி கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டார். வெளிக்கிடும் நேரமாகி ஓட்டுநர் ஹோர்ன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரும் இறங்கி வந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டார்.