மலைச்சாமி மிஷின் பிடித்த கதை

கோம்பையில் மலைச்சாமி என்று மூன்று பேர் இருந்தார்கள். இரும்பு மலைச்சாமி என்றால் ஒருவர்தான். நாலு குறுக்கம் நிலமும் ஒரு கமலைக் கிணறும் உள்ள சம்சாரி. சோளம் போட்டோமா, அறுத்தோமா என்று இருந்திருக்க வேண்டிய மனிதர். ஆனால் உடைந்த இரும்பைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பல் போன சைக்கிள் சக்கரம், லாந்தர் கூடு, மோட்டார் வண்டியின் பாதி ஹாரன் என்று சேர்த்துச் சேர்த்து, வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டத்தில் ஆள் நுழைய இடமில்லாமல் பண்ணிவிட்டார். அதில் ஒன்றையும் விற்றதில்லை, எதையும் முழுசாகச் செய்து முடித்ததும் இல்லை. "காசுக்கா செய்றேன், ஆசைக்குச் செய்றேன்" என்பார். அவர் மனைவி பொன்னாத்தாளுக்கு வயிற்றெரிச்சலே அந்த ஆசைதான்.

உத்தமபாளையம் பஸ் ஷெட்டில் தவசி என்பவர் வெல்டிங் வைப்பதைப் பார்த்ததிலிருந்து மலைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தார் என்று சொல்வதுகூட அதிகம். "பாக்காதீக, கண்ணு போயிரும்" என்று தவசி எச்சரித்திருந்ததால், மலைச்சாமி முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எதிர்ச்சுவரில் துள்ளும் நீல வெளிச்சத்தையும் சடசடவென்ற சத்தத்தையும் மட்டுமே மாதக்கணக்கில் அனுபவித்து வந்தார். வேலை முடிந்ததும் ஓடிப்போய், இரண்டு இரும்பு ஒரே இரும்பாகியிருப்பதைத் தடவிப் பார்த்து விரலைச் சுட்டுக்கொள்வார்.

அந்தச் சமயம்தான் உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை மதுரையில் ஏலம் விட்டார்கள். சின்னமனூர் ராக்கப்பன் ஒரு வெல்டிங் மிஷினை ஏலத்தில் எடுத்து வந்திருப்பதாகச் சேதி வந்தது. ராக்கப்பன் பரம்பரை மாட்டுத் தரகர். பக்கத்தில் நின்றவன் கையைத் தூக்கியதும் பழக்க தோஷத்தில் தானும் தூக்கிவிட்டு, வந்து சேர்ந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தொழுவத்தில் எருமைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

மலைச்சாமி மெல்லப் பேச்சை எடுத்தபோது பொன்னாத்தாள் கத்தவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"வெள்ளாடு நெறை சினையா நிக்கிது. குட்டி போட்டா மழைக்கு எங்கன கட்டுவேன்? அந்தக் கொட்டம் எனக்கு வேணும்" என்றாள். "ஒண்ணு செய்யிங்க. ஆடு குட்டி போடுறதுக்குள்ள அந்த மிஷினை வச்சு ரெண்டு இரும்பை ஒட்டிக் காட்டுங்க. ஒட்டிட்டீகன்னா கொட்டம் உங்களுக்கு. இல்லைன்னா அம்புட்டு இரும்பும் தேனிச் சந்தைக்குப் போயிரும்."

மலைச்சாமி தலையாட்டினார். இருபது வருஷச் சேர்மானம் ஒரு வெள்ளாட்டின் வயிற்றை நம்பி நின்றது.

மறுநாளே வண்டியைப் பூட்டிக்கொண்டு சின்னமனூர் போனார். மிஷினை மூன்று தடவை சுற்றி வந்தார். முதுகில் தட்டினார். குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பெட்ரோல் இன்ஜினும் டைனமோவும் ஒரே சட்டத்தில் பூட்டிய, கன்றுக்குட்டி உயர மிஷின். அதன் பக்கவாட்டில் இரண்டு பித்தளை முனைகள். அவற்றிலிருந்து கட்டைவிரல் கனத்தில் இரண்டு கறுப்புக் கேபிள்கள் தொங்கின.

"குணமான உருப்படி. ரெண்டு வெள்ளைக்காரன் கைக்கு மாறி வந்திருக்கு, ஒருத்தனையும் முட்டலை" என்றார் ராக்கப்பன். கைப்பிடியைச் சுழற்றியதும் மிஷின் உறுமிய உறுமலில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. மலைச்சாமி திருப்தியாக, "சுறுசுறுப்பு இருக்கு" என்றார்.

மாட்டுச் சந்தையில் போல, கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார்கள். விரல்கள் என்ன பேசின என்பது இன்றுவரை பொன்னாத்தாளுக்குத் தெரியாது.

பேசி முடித்ததும் ராக்கப்பன் இரண்டு கேபிள்களையும் கழற்றிச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மாட்டை விற்பவர் கயிற்றைக் கொடுக்கமாட்டார், கொடுத்தால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வாங்க வருகிறவர்தான் புதுக் கயிறு கொண்டு வரவேண்டும். மலைச்சாமி முறை தெரியாதவரா? மஞ்சள் தடவிய புதுத் தேங்காய்நார்க் கயிற்றை மடியிலிருந்து எடுத்து மிஷினைக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தோஷமாக ஊர் வந்து சேர்ந்தார்.

வீட்டில் மிஷின் நன்றாகத்தான் உறுமியது. மலைச்சாமி, தவசி ஷெட்டில் பொறுக்கி வைத்திருந்த வெல்டிங் குச்சியை அதன் முதுகில் வைத்தார், வயிற்றில் வைத்தார், சக்கரத்திலும் வைத்துப் பார்த்தார். ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. நாலு நாள் இப்படியே போனது. ஆட்டின் மடி இறங்கிக்கொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் அவர் ஆட்டின் வயிற்றைத்தான் முதலில் பார்த்தார்.

ஐந்தாம் நாள் தவசியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். தவசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேபிள் எங்க?" என்றார்.

"எந்தக் கேபிள்?"

"மிஷின்ல இருந்து வருமே, ரெண்டு கறுப்பு வயரு. கரண்ட்டு அதுலதானய்யா வரும்."

மலைச்சாமி உட்கார்ந்துவிட்டார். தவசி சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அங்கிருந்தே சின்னமனூருக்கு ஓடினார். ராக்கப்பன் அசையவில்லை. "வித்த உருப்படிக்குக் கயிறு குடுத்ததா எங்க வம்சத்துலயே கிடையாது. கேக்கலாமா நீங்க?" என்றார். பின்னால் எருமை நின்றது. அறுந்த கயிற்றுக்குப் பதிலாகக் கறுப்புக் கேபிளில் கம்பீரமாகக் கட்டப்பட்டிருந்தது.

மலைச்சாமி வீடு திரும்பிக் கொட்டத்தில் போய் உட்கார்ந்தார். இரவுச் சோறு தொடவில்லை. காலைக் கஞ்சியும் அப்படியே இருந்தது. பொன்னாத்தாள் நடந்ததை ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிக் கேட்டாள். பிறகு மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"கெளம்புங்க" என்றாள்.

"எங்கிட்டு? நான் தோத்தா ஒனக்குத்தானே லாபம்?"

"எங்கிட்டத் தோத்தா லாபம். சின்னமனூர்க்காரன்கிட்டத் தோத்தா எனக்கென்ன லாபம்?"

ராக்கப்பன் வீட்டில் பொன்னாத்தாள் உட்காரக்கூட இல்லை. "அண்ணே, கயிறு குடுக்காதது முறைதான். நான் கயிறு கேக்க வரலை. பால்குடி மறக்காத கன்னை வச்சுக்கிட்டுத் தாயை மட்டும் விப்பீகளா?"

"அந்தப் பாவத்தை எவன் செய்வான், ஆத்தா?"

"நீங்க செஞ்சிருக்கீக. அந்த மிஷினுக்கு ரெண்டு காம்பு இருக்கு. ரெண்டுலயும் வாயை வச்சுக் கரண்டைக் குடிச்சிக்கிட்டு இருந்த ரெட்டைக் கன்னை வெடுக்குனு பிடுங்கி எருமை கழுத்துல கட்டியிருக்கீக. எங்க வீட்டுல அது ராவும் பகலும் கத்துது. பாவம் யாருக்குச் சேரும்னு நீங்களே சொல்லுங்க."

ராக்கப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. வியாபாரத்தில் ஆயிரம் சொல்லியிருப்பார், ஆனால் கன்றைப் பிரித்த பாவம் என்ற பேச்சு மட்டும் அவர் மேல் வந்ததில்லை. எழுந்துபோய் எருமையை அவிழ்த்தார். கேபிள்களைத் துடைத்து, பொட்டு வைத்து, பொன்னாத்தாள் கையில் கொடுத்தார்.

சாயங்கால பஸ்ஸில் கோம்பை வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டு மொக்கம்மாள் எதிரே ஓடி வந்தாள். "ஆடு மத்தியானமே குட்டி போட்டுருச்சு. கட்டை அவுத்துக்கிட்டுக் கொட்டத்துக்குள்ள போயிப் போட்டிருக்கு, ரெண்டு" என்றாள்.

பேச்சு என்றால் பேச்சு. மலைச்சாமி கொட்டத்திலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தார். அந்தப் பாதி ஹாரனை மட்டும் துண்டால் துடைத்து வைத்தார். நாற்பத்தெட்டு வயசில் ஒரு ஆட்டிடம் தோற்று அழுவதாவது என்று அடக்கிக்கொண்டார். கடைசியாக மிஷினைத் தள்ளினார்.

"அதை எங்கிட்டுக் கொண்டு போறீக?" என்றாள் பொன்னாத்தாள்.

"கொட்டம் ஒன்னுதுதானே புள்ள."

"கொட்டம் என்னுது. மிஷின் உங்களுது. கன்னு ரெண்டும் யாருது? நான்ல கேட்டு வாங்கினேன். ஊரான் வீட்டுல போயித் தாயையும் கன்னையும் பிரிக்காதேன்னு நியாயம் பேசிட்டு, என் வீட்டுல பிரிச்சு வைக்கவா?" அவள் ஹாரனை எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள். "நடுவுல ஒரு தட்டி அடைங்க. இங்கிட்டு ஆடு, அங்கிட்டு மிஷின்."

மறுநாள், தவசியிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மலைச்சாமி தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வெளிச்சத்தை நேருக்கு நேர் பார்த்தார். இருபது வருஷச் சாமான்களில் பாதியை ஒன்றோடொன்று ஒட்டியே அந்தத் தட்டி உருவாயிற்று. கோணல்மாணலாக இருந்தாலும் பொன்னாத்தாள் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது அது அசையவில்லை. மஞ்சள் தடவிய புதுக் கயிற்றில் ஆட்டைக் கட்டினார்கள்.

கேபிள் இரண்டும் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தன. வெல்டிங் ஆசை வந்தபோதெல்லாம் மலைச்சாமி அடுப்படி வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டே கேட்பார்: "ஏ புள்ள, கன்னைக் கொஞ்சம் ஊட்ட விடுறியா?"