தொட்டியில் பாசி பிடித்த வருஷம்

என் கணவர் வயரிங் வேலை செய்பவர். வைகாசி உற்சவத்துக்காகத் தெருவின் குறுக்கே கட்டிய மூங்கில் வளைவில் ஏறி வண்ண பல்புகளை மாட்டிக்கொண்டிருந்தபோது, கட்டு அவிழ்ந்து கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி. சென்னை பெரியாஸ்பத்திரியில் நாலு மாதம் வைத்திருந்துவிட்டு, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு இருபத்தேழு. குழந்தை இல்லை.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காலை ஏழு மணிக்குப் போனால் மதியம் மூன்றுக்கு மேல்தான் வீடு. பக்கத்து வீட்டு அக்கா பட்டுத் தறிக்குத் தார் சுற்றுவதற்கு நடுவில் எழுந்து வந்து, அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரக் கட்டிலில் தனியாகக் கிடப்பார். சுவரில் பல்லி எத்தனை தரம் வந்தது என்று சாயங்காலம் எனக்குச் சொல்வார்.

அவருக்கு ஒரு சிநேகிதர். கடைத்தெருவில் கண்ணாடி அறுத்து சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற பாய். ஒருநாள் அவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் மீன் தொட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து அவரே செய்தது. கட்டில் உயரத்துக்கு ஒரு பெஞ்சு போட்டு, என் கணவரின் வலது கைக்கு எட்டும்படி ஜன்னலடியில் வைத்தோம். பாலாற்று மணலை அலசி அலசி அடியில் பரப்பினோம். தாமல் ஏரியிலிருந்து வேலம்பாசி என்கிற தண்ணீர்ச் செடியும், நாடா மாதிரி நீள இலை விடுகிற இன்னொரு செடியும் பாய் கொண்டுவந்து நட்டார். மீன்கள் மட்டும் மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. கறுப்பில் ஆறு, சிவப்பில் நாலு.

காலி பிஸ்கட் தகரத்துக்குள் பல்பு பொருத்தி, தொட்டிக்கு மேலே விளக்கு போட்டது என் கணவர். படுத்தபடியே வயர் இழுத்து, சுவிட்சைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் செய்த முதல் வேலை அது. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து, எனக்கு நாலைந்து தடவை காட்டினார்.

மூன்றாம் மாதம் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைத் தூசு போல ஒட்டியிருந்தது. பிறகு தண்ணீரே பச்சையானது. அப்புறம் செடிகளின்மேல் மயிர் மயிராகப் படர்ந்து, இலைகள் அதற்கடியில் அழுகின. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சவர பிளேடால் கண்ணாடியைச் சுரண்டுவேன். வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவேன். புதன்கிழமைக்குள் மறுபடி பச்சை. எட்டு மணி நேரம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்துவிட்டு வந்து அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். இரண்டு மீன் செத்து மிதந்தன.

பாயை வரச்சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மணலைக் கிளறினார். அடியிலிருந்து கறுப்பாகக் குமிழி வந்து, கூழ்முட்டை நாற்றம் அடித்தது.

"எத்தினி வாட்டி தீனி போடுற?" என்று என் கணவரைக் கேட்டார்.

"ரெண்டு வாட்டி."

"லைட்டு?"

"பொழுது சாஞ்சா கொஞ்ச நேரம்."

பாய் கையைக் கழுவிக்கொண்டார். வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "பொய் சொல்றாம்மா அவன். நாள் பூரா போட்டுக்கினு இருக்கான். மீன் துன்னது போக மீதியெல்லாம் மணலுக்குள்ள அழுவுது. அதுவும் வெளிச்சமும்தான் பாசிக்குச் சோறு. ரெண்டையும் நிறுத்து. மூணு நாளு தொட்டியை இருட்டாப் போர்த்தி வையி."

"மயில்துத்தம் கரைச்சு ஊத்துனா போயிடும்னு எக்ஸ்சேஞ்சுல ஒருத்தர் சொன்னாரே பாய்."

"போவும். மீனும் சேர்ந்து போவும்."

அக்காவைக் கேட்டேன். "அவரு சதா அதுகிட்டதான்மா பேசிக்கினு இருப்பாரு. கையைக் கொண்டாந்தா போதும், அத்தனையும் மேல ஓடியாந்துடுது. அதைப் பாக்கவே பொடி போடுவாரு" என்றாள். காய்ந்த சென்னாக்குன்னி இறாலை இடித்த பொடி அது. பத்து நாளில் ஒரு டப்பா எப்படிக் காலியாகிறது என்று நான் அதுவரை யோசிக்கவில்லை.

அன்றே டப்பாவை எடுத்துச் சமையலறையில் மேல் பலகையில் வைத்தேன். பல்பைக் கழற்றினேன். பழைய புடவையை நாலாக மடித்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன்.

"பகல்ல நான் இன்னாத்தப் பாத்துக்கினு இருக்குறது?" என்று கேட்டார்.

"மூணு நாள்தானே. அழுக்குத் தண்ணியில அதுங்க சாவுறத பாத்துக்கினு இருக்கப் போறீங்களா? பொய் வேற சொல்றீங்க."

குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

நாலாம் நாள் புடவையை அவிழ்த்தேன். பாசி வெளுத்து, கையால் இழுத்தால் கொத்தாக வந்தது. முக்கால் தண்ணீர் மாற்றி, புது வேலம்பாசி நட்டேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நானே ஒரு சிட்டிகை பொடி போடுவேன், அவ்வளவுதான். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு அட்டை வைத்து மறைத்தேன். மூன்று வாரத்தில், தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாதபடி தெளிந்தது. பாய் வந்து பார்த்து அசந்துபோனார். "மெட்ராஸ்ல கூட இப்படி இல்லம்மா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் கணவர் அதைப் பார்க்கவில்லை. கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறார். அவள் தன் மகனைக் கூப்பிட்டு மாற்றிப் போட்டாள். வெயில் கண்ணில் படுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். கோபமென்றால் தானே தணியட்டும் என்றும் நினைத்தேன். பல்லிக் கணக்கும் நின்றுபோயிற்று.

அவர் விழுந்ததற்கு மறுவருஷம், ஐப்பசி மழையில் ஜுரம் வந்தது. உடம்பு துடைக்கும்போது முதுகுக்குக் கீழே கை வைத்தேன். ஈரமாக இருந்தது. படுக்கைப்புண். மேல்தோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் திறப்பு, உள்ளே என் விரல் போகும் பள்ளம்.

கட்டுப் போட வந்த கம்பவுண்டர் கேட்டார், "இவ்ளோ நாள் வராதது இப்ப எப்படிம்மா வந்துச்சு? முன்னாடியெல்லாம் தானா திரும்பிக்குவாரா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு தடவை பொடி போடவும் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்து, வலது பக்கமாகப் புரண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு இருபது தரம், முப்பது தரம். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியிருந்தார்கள். காலையிலும் சாயங்காலமும் நான் புரட்டினேன். பகலில் அதை அவரே செய்துகொண்டிருந்தார். நான் நிறுத்தியிருந்தேன்.

டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். கட்டிலை மறுபடி திருப்பினேன். "போடுங்க. எவ்ளோ வேணும்னாலும் போடுங்க" என்றேன். அவர் டப்பாவை வாங்கி, மூடியைத் திறக்காமல் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். "நீயே போடும்மா. உனக்குத்தான் அளவு தெரியுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்கழி பிறக்கும் முன் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் பாய் வந்தார். தொட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மீன்களைக் குடத்தில் பிடித்துக்கொடுத்தேன். தொட்டியை இறக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கம்பவுண்டர் கேட்டதையும் சேர்த்து.

கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். "தீனியை நிறுத்துன்னு சொன்னவன் நான்தானேம்மா" என்றார்.

இல்லை பாய், நீங்கள் மீனுக்காகச் சொன்னீர்கள், உங்கள்மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் கொஞ்சம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. பாதிச் சுமையை யாராவது தூக்கிக்கொள்ளட்டும் என்று இருந்தது எனக்கு. அவர் எழுந்து, தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

பங்குனியில் வாலாஜாபாத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு பாயை நான் பார்க்கவில்லை.