கிளச்சில் கட்டிய மஞ்சள் துணி

எங்கள் வீட்டு முன் காம்பராவில் ஒரு மோட்டார் சைக்கிள் குடியிருந்தது. வாடகை கிடையாது. இருந்த ஒரே அறை அது. நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் அடுப்படியில் படுத்தோம்.

கந்தப்பளையில் ஒருவர் ஓடாது என்று ஒதுக்கிப் போட்டிருந்த பெரிய வண்டி. என் வீட்டுக்காரர் அதை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் ஹட்டனில் ஒரு கடையில் மூட்டை இறக்குகிறவர். மெக்கானிக் வேலையைப் போனில் பார்த்துப் படித்தார். போனில் ஒரு வெள்ளைக்காரர் எஞ்சினைக் கழற்றிக் காட்டுவார். அந்த வெள்ளைக்காரருக்கு வண்டி நிறுத்தத் தனிக் கட்டடமே இருந்தது. அதை மட்டும் இவர் கவனிக்கவில்லை.

வெளியே மழை. வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வைத்தால் சாமான் காணாமல் போகும் என்றார். அதனால் வண்டி உள்ளே வந்தது. கழற்றிய எஞ்சின் சாக்கின் மேல். கட்டில் மேல் அவர். காவலாம்.

அடுப்படியில் புகை. சின்னவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. புகையில் படுக்க வைக்காதே என்று மருந்து கொடுத்த இடத்தில் சொன்னார்கள்.

"எப்பங்க வெளிய போகும்?" என்று கேட்டேன்.

"எஞ்சின் ஏறுனா போயிரும். ஒனக்கு என்ன அவசரம்?"

இந்த வண்டியின் கிளச்சுக்கு வயர் கிடையாது. எண்ணெய்தான். கிளச்சை அமுக்கினால் எண்ணெய் குழாய் வழியாகப் போய், எஞ்சின் ஓரத்தில் ஒரு சின்ன டப்பாவுக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். எஞ்சினை இறக்கும்போது அந்த டப்பாவைக் குழாயோடு பிரித்து, வண்டிச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இப்போது பிஸ்டனுக்கு முன்னால் தடுப்பு இல்லை. யாராவது கிளச்சை அமுக்கினால் அது வெளியே பாயும்.

இதை அவர் நன்றாக விளக்குவார். வந்தவர்களும் நன்றாகக் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே கையை நீட்டுவார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆண்களுக்கு வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கிளச்சை அமுக்குவார்கள். பிறகு தலையை ஆட்டுவார்கள். அமுக்கியதில் என்ன தெரிந்தது என்று யாரும் சொன்னதில்லை. எஞ்சின் இல்லாத வண்டியிலும் அப்படித்தான். செத்த வீட்டில் போய் நாடி பிடித்துப் பார்ப்பது போல.

வீட்டுக்காரர் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். கழற்றினார்கள். அட்டையில் 'தொடாதே' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டார். இரண்டையும் சத்தமாகப் படித்துவிட்டுத் தொட்டார்கள்.

ஒருநாள் தேயிலைத் தோட்டத்துத் தலைவர் வந்தார். தொழிலாளர் சங்கத்து ஆள். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் வராதவர், வண்டி பார்க்க வந்தார்.

"என்னா தங்கச்சி, வண்டி ஜோரா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஒரே அமுக்கு.

பிஸ்டன் பாய்ந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. எண்ணெய் கொட்டியது. அரிசிப் பெட்டியில் தெறித்த இடத்தில் பெயின்ட் உரிந்துவந்தது.

"கிளச்சு லூசு" என்றார் தலைவர்.

பின்பக்கமிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். டீ ஊற்றச் சொன்னார். தலைவர் போனபிறகு என்னிடம் கத்தினார்.

"வாரவன் கையப் பாத்துக்கிறத விட ஒனக்கு என்னடி வேல?"

"அப்ப கொழுந்து யாரு பறிக்கிறது?" என்றேன்.

பிஸ்டனைக் கழுவித் திரும்பப் போட்டார். அதிலிருந்த ரப்பர் தப்பிவிட்டது. இன்னொரு தடவை வெளியே வந்தால் கிழியும், கொழும்பில்தான் தேடவேண்டும், அதுவரைக்கும் வண்டி உள்ளேதான் என்றார். நானே ஒரு வழி பார்க்க எனக்கு அது போதும்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் விறகிலிருந்து ஒரு தேயிலை மிலாறுக் குச்சியை உருவினேன். கைப்பிடிக்கும் கிளச்சுக்கும் நடுவில் செருகினேன். மஞ்சள் துணியில் ஒரு காசு வைத்து முடிந்து, அந்தத் துணியால் சுற்றி இறுக்கினேன். மேலே கொஞ்சம் குங்குமம்.

அன்றோடு நின்றது. வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். தலைவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். அதற்கு முன்னால் கழற்றியதில்லை.

பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மாமியார் கேட்டார்.

"என்னா வேண்டுதலடி?"

"வெளிய சொல்லக்கூடாது அத்தை."

எஞ்சின் ஒருவழியாக ஏறியது. குழாயில் காற்று தங்கியிருந்தது. கிளச்சை அமுக்கி அமுக்கித்தான் அதை வெளியே எடுக்கவேண்டும். வீட்டுக்காரர் துணியில் கை வைத்தார். மாமியார் அலறினார்.

"டேய், கைய எடுறா! ஆத்தா காசு அது. கோயில்ல வச்சுத்தான் அவுக்கணும்."

"இம்மாம் பெரிய வண்டிய எப்படிம்மா கோயிலுக்குக் கொண்டு போறது?"

"வீட்டுக்குள்ள எப்படிடா கொண்டு வந்த?"

தள்ளிக்கொண்டு போனார்கள். தலைவரும் கூட. மேட்டில் எல்லோரும் பின்னால் நின்று தள்ளினார்கள். கிளச்சுப் பக்கம் பிடிக்க ஒருவரும் துணியவில்லை. வண்டி ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. தூக்கினார்கள். திரும்பவும் இறங்கியது.

கோயிலில் பூசாரி என்னை முன்னால் கூப்பிட்டார்.

"வேண்டுதல ஆத்தாகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டு அவுத்துரும்மா."

சொன்னேன். "இந்த வண்டி இனிமே என் வீட்டு வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது. அவ்வளவுதான் சாமி."

தலைவர் மேகத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு வேண்டுதலா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆத்தாவே கேட்டுக்கிட்டா. நீ யாருடா கேக்க?" என்றார் மாமியார்.

பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். "சத்தியம் பண்ணிரு தம்பி. மழை வருது."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கற்பூரத்தைப் பார்த்தேன். சத்தியம் என்று கையால் அடித்து அணைத்தார். நான் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டேன்.

கோயில் வாசலிலேயே காற்றை எடுத்தார். வண்டி ஓடுகிறது. அதில் நான் குறை சொல்லமாட்டேன். இப்போது இஸ்தோப்பில் மழைக்குப் படங்கு போர்த்தி நிற்கிறது. நாங்கள் முன் காம்பராவில் படுக்கிறோம். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. அவர் மட்டும் அடிக்கடி எழுந்து, கதவைத் திறந்து வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாத்தச் சொல்கிறேன். குளிர் உள்ளே வருகிறது.