தபால்காரம்மா கூட்டி வந்த நாய்

இண்டூரைச் சுற்றியுள்ள ஏழு ஊர்களுக்கும் கலைமணிதான் தபால்காரம்மா. பதினான்கு வருடமாக எக்ஸ்எல் வண்டியில் ஆதார் அட்டையும் பாங்கு கடிதமும் பரீட்சைத் தாளும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கதவு எண்ணைப் பார்த்து அவள் வீடு கண்டுபிடித்ததில்லை. எந்த வீட்டில் எந்த நாய் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. இரண்டு முறை கடி வாங்கி ஊசி போட்டுக்கொண்டவள். கேட்டுக்கு வெளியே நின்று, வண்டியை அணைக்காமல், "போஸ்ட்!" என்று குரல் கொடுப்பாள். நாய் கட்டியிருப்பது தெரிந்த பிறகுதான் காலைக் கீழே ஊன்றுவாள்.

அப்படிப்பட்டவள் நாய் வாங்கப் போகிறாள் என்றதும் அஞ்சலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

நாய் கேட்டது அவள் கணவன் மாதேஸ்வரன். பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிச் செல்லும் லாரி டிரைவராக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன வண்டி திடீரென்று நிற்க, இவன் லாரி சாய்ந்தது. உயிர் தப்பியது, வலது முழங்கால் தப்பவில்லை. அதன் பிறகு ஊன்றுகோல்தான். மகள் தேவிப்பிரியா சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். கலைமணி காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்ப நாலு ஆகும். அதுவரை அவன் தனியாகத்தான் கிடந்தான். யார் வீட்டுக்கும் போவதில்லை. "நொண்டிக்கிட்டுப் போயி நாலு பேருக்குக் கதை சொல்லணுமா?" என்பான்.

பங்குனியில் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தான். "வழுக்கிடுச்சு, வேறொண்ணுமில்ல" என்றான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து போனில் நாய் வீடியோ பார்க்க ஆரம்பித்தான்.

"கோம்பை நாயி வாங்கலாம் கலை. ஒருத்தன் கேட்டுகிட்ட வர முடியாது."

"நம்ம வூட்ல எடுத்துட்டுப் போறதுக்கு என்னாங்க இருக்குது?"

அவன் வீடியோ பார்ப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் பென்னாகரம் போனார்கள். அங்கே மாதவராஜ் என்பவர் தன் மாந்தோப்பில் கோம்பை வளர்த்தார்.

தாய் நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்த குரைப்பில் கலைமணி வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். மூன்று மாதக் குட்டிகள். செம்மண் நிறம், மூக்கைச் சுற்றிக் கறுப்பு. அதில் துடியான ஒன்று மாதேஸ்வரனிடம் ஓடிவந்து ஊன்றுகோலைக் கவ்வி இழுத்தது. அவன் சிரித்தான். குட்டி விடவில்லை. இரண்டாவது இழுப்பில் கோல் நழுவியது. மாதவராஜ் ஓடிவந்து தோளைப் பிடிக்காவிட்டால் கீழே விழுந்திருப்பான்.

"நல்ல நாய்ங்க. தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன்" என்றார் மாதவராஜ். "இத யாரு நடத்துவாங்க? காலையில ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம் நடக்கணும். ஒரு வருசத்துக்குக் கை விடாம பழக்கணும். இல்லன்னா வர்றவங்க போறவங்க எல்லாரையும் புடிச்சு வெக்கும். தபால்காரங்களக் கூட வுடாது."

தான் தபால்காரி என்று கலைமணி சொல்லிக்கொள்ளவில்லை.

குட்டி வாங்காமல் திரும்பி, பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது மாதேஸ்வரன் தானாகவே பேசினான். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு வுழுந்து கெடந்தேன் இல்ல, ஒரு மணி நேரம் கத்துனேன். எதிர் வூட்டுச் செல்லியக்கா நூறு நாள் வேலைக்குப் போயிடுச்சு. போனு உள்ள கட்டில் மேல. யாரும் வரல. ஒரு நாயி இருந்திருந்தா அதாவது சேர்ந்து கொரைச்சிருக்கும்."

கலைமணிக்கு அது இதுவரை தெரியாது. அவன் கத்தியது தெரியாது. அவன் குடித்த டம்ளரையும் வாங்கிக்கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் தபால் கட்டு எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஒவ்வொரு நாயையும் புதிதாகப் பார்த்தாள். பயந்து பார்த்தே பழகியிருந்தவளுக்கு அவற்றின் குணம் நன்றாகவே தெரிந்திருந்தது. பாங்கு மேனேஜர் வீட்டு லாப்ரடார் யாரைப் பார்த்தாலும் பாசம். ஆனால் அந்தப் பாசத்தில் மேலே தாவும். ஒரு முறை தாவினால் மாதேஸ்வரன் மல்லாக்க விழுவான். அரிசி மில்காரர் வீட்டு அல்சேஷன் புத்திசாலி, சொன்னதைக் கேட்கும். ஆனால் சித்திரை வந்தால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு குளியலறையிலேயே படுத்திருக்கும். முடி கொட்டுவது வேறு. டீச்சர் வீட்டுப் பொமரேனியன் வாய் ஓயாமல் குரைக்கும், காலுக்குள்ளேயே சுற்றும். மேட்டுக்காட்டில் இருக்கும் ராஜபாளையம் வெள்ளை வெளேரென்று அழகு. ஒருத்தருக்குத்தான் அடங்கும். அதைப் பிடித்து நிறுத்த இரண்டு கை வேண்டும், இவனுக்கு ஒரு கை கோலுக்குப் போய்விடுகிறது.

சவுரியப்பன் வாத்தியார் வீட்டில் இருந்தது சிப்பிப்பாறை. பெட்டை. பெயர் பவுனு. நிறமும் அப்படித்தான், பழைய தங்கம் மாதிரி. ஒடுங்கிய வயிறும் நீண்ட முகமுமாக இருக்கும். கலைமணியைப் பார்த்தால் தலையைத் தூக்கும், பார்க்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். ஐந்து வருடத்தில் அவளைப் பார்த்து ஒரு முறை கூடக் குரைத்ததில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும்தான் அவள் வண்டியை அணைப்பாள்.

"கலைமணிம்மா, உனக்குப் பல ஊர் பழக்கம். இதை வெச்சுக்கறவங்க யாராவது இருந்தா சொல்லு" என்றார் வாத்தியார். ஓசூரில் மகளோடு இருக்கப் போகிறார். நாலாவது மாடி. நாய்க்கு அனுமதி இல்லை.

"ஓடற நாயாச்சே சார். காலு முடியாதவங்க வெச்சுக்க முடியுங்களா?"

"காலையில ஒரு நேரம் ஏரிப் பக்கம் அவுத்து வுட்டா ஓடித் தீத்துக்கும். அப்புறம் நாள் முழுக்கத் தூக்கந்தான். குட்டியா இருந்தா நானே வேணாம்னு சொல்லுவேன். இது அடங்கின வயசு."

"கொரைக்குங்களா?"

வாத்தியார் சிரித்தார். "அது ஒண்ணுதான் இதுங்கிட்ட கெடையாது."

அதைக் கேட்டதும் அவளுக்கு மனசு விட்டுப்போனது. அவனுக்கு வேண்டியது குரைப்பு. வழி நெடுக யோசித்தாள். குரைக்கும் நாயைத் தேடினால் அவனைத் தள்ளிவிடுகிற நாய் வருகிறது. அன்று சாயந்திரம் இண்டூர்க் கடையில் கழுத்தில் மாட்டுகிற போன் பை ஒன்று வாங்கிவந்து அவன் கழுத்தில் போட்டாள். "கூப்புடறதுக்கு இது. குளிக்கப் போனாலும் கழட்டக் கூடாது. இப்ப நாயப் பத்திப் பேசலாம்."

"பொட்ட நாயி, அஞ்சு வயசு, கொரைக்காது. அப்புறம் எதுக்கு?" என்றான் அவன்.

"ஒரு வாரம் இருக்கட்டுங்க. வேணாம்னா குடுத்துடலாம்."

வாத்தியாரே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார், அது படுக்கிற சாக்கும் தட்டும் சேர்த்து. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார். பவுனு இரண்டு நாள் கேட்டுக்கு முகம் வைத்துப் படுத்திருந்தது. சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் மாதேஸ்வரன் கேழ்வரகுக் களியில் கோழித்தலை வேகவைத்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, ஒரு நாற்காலி இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சாப்பிடு என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அது எழுந்து தட்டை நக்கியது. அந்தச் செய்தியைச் சொல்ல, டெலிவரியில் இருந்த கலைமணிக்குக் கழுத்துப் போனிலிருந்து முதல் அழைப்பு வந்தது.

காலையில் ஏரிக்குக் கூட்டிப்போகும் வேலை கலைமணிக்கு. முதல் நாள் கயிற்றைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். வறண்ட ஏரியில் அவிழ்த்துவிட்டதும் பவுனு ஓடியதைப் பார்த்து வாய் திறந்து நின்றாள். பத்து நிமிடத்தில் தானே திரும்பி வந்து அவள் காலடியில் மூச்சு வாங்கியது. அதன் தலையில் கை வைக்க அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. சாயந்திரம் தெருமுனை வரைக்கும் மாதேஸ்வரன் நடத்திப்போனான். கயிறு தளர்ந்தே இருந்தது. அவன் நின்றால் அது நின்றது.

வாத்தியார் ஒன்றைச் சொல்ல மறந்திருந்தார், அல்லது எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருந்தார். இது வேட்டை நாய். ஆடி மாதத்தில் ஒரு நாள் கேட்டைச் சரியாகச் சாத்தியிருக்கவில்லை. எதிர் வீட்டுச் செல்லியின் நாட்டுக்கோழி ஒன்று தெருவில் குறுக்கே ஓட, பவுனு அதைப் பிடித்துவந்து மாதேஸ்வரன் நாற்காலிக்கு முன்னால் வைத்தது. கோழி செத்திருந்தது.

அன்று நாலு மணிக்குக் கலைமணி வந்தபோது பவுனு தூணில் கட்டியிருந்தது. நாற்காலி காலி. ஊன்றுகோலும் இல்லை. தொட்டிப் பக்கம் ஓடினாள். யாருமில்லை. அப்போது எதிர் வீட்டிலிருந்து அவன் குரல் கேட்டது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான்.

நடந்ததைச் செல்லி பிறகு சொன்னாள். செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கோலை ஊன்றித் தெருவைக் கடந்து, "என் நாயிதாங்க்கா புடிச்சிடுச்சு" என்று வாசலில் வந்து நின்றானாம். "முட்டை வெக்கிற கோழிடா பாவி" என்று செல்லி திட்டினாளாம். திட்டி முடித்ததும், "சரி, ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் வூட்டுக்கு வர்ற. உக்காரு. அத ஏன் வீணாக்கணும்?" என்று கோழியை வாங்கி அடுப்பேற்றிவிட்டாளாம்.

கலைமணி தபால் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அந்த வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே மாதேஸ்வரன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முன்னால் தட்டு. அவளைப் பார்த்ததும் கொஞ்சம் அசடு வழிந்தான்.

"வா கலை, நீயும் உக்காரு" என்று செல்லி இன்னொரு தட்டை எடுத்தாள். "ஈரல மட்டும் கேக்காத. உன் புருசன் தின்னுட்டான்."