அறுந்த கம்பிக்கு அந்தப் பக்கம்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்குக் கரண்ட் மோட்டார் வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாள் கழித்துப் பிறந்த ஒரே மகள், அங்கேயே படிக்கிறாள். போன நடவின்போது ஒரு சாயங்காலம் இருவரும் வரப்பில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் தும்பி பிடிக்கிறேன் என்று பின்தங்கினாள்.

படீரென்று ஒரு சத்தம். தலைக்கு மேலே போன பதினோராயிரம் வோல்ட் கம்பி அறுந்து, எங்களுக்கு நடுவே சேற்றில் விழுந்தது. சுற்றிலும் ஓடிய மோட்டார்கள் எல்லாம் சேர்ந்தாற்போல நின்றன.

"கரண்டுதான் போயிட்ச்சேம்மா, தாண்டி வந்துடறேன்" என்றாள். மோட்டார் நின்றால் கரண்ட் இல்லை என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். நானும் கையை நீட்டினேன்.

அப்போது பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் கொட்டகைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். கம்பி விழுந்ததை அவர் பார்க்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, கரண்டு எங்க போவுது? இப்ப மறுபடி குடுப்பான் பாருங்க. அதான் ஸ்டார்ட்டராண்டையே நின்னுக்கினு கீறேன்."

கரண்ட் திரும்பி வந்தால், சேற்றில் அகட்டி வைத்த கால் வழியாகவும் ஏறிவிடும். "வராதடி! காலைச் சேத்து வெச்சிக்கினு அங்கியே நில்லு!"

"ஏம்மா?"

"நில்லுன்னா நில்லு!"

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். கம்பி துள்ளியது. சேற்றுத் தண்ணீர் சீறிப் புகைந்து, மறுபடி அடங்கியது.

கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி, வயர்மேனைக் கூட்டிவந்தார். லைன் பிரிகிற கம்பத்தில் இருந்த கைப்பிடியை வயர்மேன் இழுத்தார். உச்சியில் லைனை இணைக்கிற மூன்று சுவிட்ச் கத்திகளும் விலகின. கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டார்.

"கம்பி வுழுந்தா சப்-ஸ்டேஷன் சுவிட்சு தானா வெட்டிக்கும். ஆனா தென்ன மட்டை கம்பில உராஞ்சிதா, கம்பி அறுந்துதான்னு அங்க கீறவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி போட்டுப் பாப்பாரு. இப்ப அவரு போட்டாலும் இங்க வராது. பொண்ணக் கூப்பிடுங்க."

"பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேன்."

"சாவி?"

"இடுப்புல கீது. இன்னா டீச்சரம்மா, எனக்கே பரீட்சை வெக்கிறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்திகளுக்கு நடுவே மூன்று இடத்திலும் வானம் தெரிகிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகும் கம்பியைத் தாண்ட விடாமல், ஏரிக்கரை வழியாகச் சுற்றி வரச் சொன்னேன். வந்து சேர்ந்தவள், "தும்பி பறந்துபோச்சு" என்று என்மேல் கோபப்பட்டாள்.

இப்போதும் காலையில் மோட்டார்கள் நின்றுவிட்டால், அவை திரும்ப ஓடுகிற வரைக்கும் அவளை வாசற்படி தாண்ட விடுவதில்லை. பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "மணி அடிச்சிடுவாங்கம்மா" என்கிறாள். அடிக்க வேண்டியவளே நான்தான்.