அரைக் கிலோ பேரீச்சம்பழம்

கடையில் பேரீச்சம்பழத்தைக் கண்டதும் என் நாசியில் மண்ணெண்ணெய் மணந்தது.

எண்பதுகளில், தாம்பரத்து வீட்டுக் கூடத்தில், அப்பா ஒரு பழைய மோட்டார் சைக்கிளை முழுவதும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவி மீண்டும் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாக்கூட அரைக் கிலோ பேரீச்சம்பழம் தேறாது சார்!" என்று எதிர்வீட்டு மாமா நாள்தோறும் சிரிப்பார். அப்பா அடுத்த உறுப்பை எடுத்துக் கழுவுவார்.

பூட்டி முடித்த ஞாயிறன்று தெருவே கூடியது. அப்பா வியர்க்க வியர்க்க உதைத்தும் வண்டி முனகக்கூட இல்லை. மாமா சிரிக்கத் தொடங்கினார்.

"ஏங்க, பெட்ரோல் குழாயத் தொறந்தீங்களா?" என்றார் அம்மா.

அடுத்த உதையில் தெரு அதிர்ந்தது! அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்று திரும்பிய அப்பா, மாமாவின் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"அரைக் கிலோ சார். தேறிடுச்சு!"

மாமாவே சிரித்து, முதற் பழத்தை எனக்கு ஊட்டினார்.

இன்றும் அரைக் கிலோவே வாங்கினேன்.